டெமார்ஷ், அக்ரேமான், பெர்சோனா நான் கிராட்டா: வெளியுறவுத் துறை ஏன் இப்படிப் பேசுகிறது?

கேள்வி இது: "வெளிநாட்டுச் செய்திகளில் டெமார்ஷ், பெர்சோனா நான் கிராட்டா, ஷார்ஜே டாஃபேர் என்றெல்லாம் வருகிறதே, இவற்றுக்குப் பொருள் என்ன? எல்லாவற்றையும் நேரடியாகச் சொல்லிவிட்டால்தான் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?"

நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன் நான். இந்தச் சொற்களோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். இவற்றைப் பகட்டு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் கிரயப் பத்திரம் எழுதுகிறவர் 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்' என்று எழுதுவாரே, அது அழகுக்காகவா? அந்தச் சொல் இருந்தால் ஒரு உரிமை கைமாறுகிறது, இல்லையென்றால் நாளைக்கு வழக்கு வருகிறது. வெளியுறவுச் சொற்களும் அந்த ரகம்தான். பெரும்பாலானவை ஒரு நடவடிக்கையின் பெயர்கள். சொல்லை உச்சரித்த கணத்தில் ஏதோ ஒரு கடமை தொடங்குகிறது, அல்லது ஒரு கதவு மூடுகிறது. அதனால்தான் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதற்கும், அதைவிட முக்கியமாக எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்பதற்கும் அத்தனை இரவுகள் விழித்துச் சண்டை போடுகிறார்கள்.

பிரெஞ்சும் லத்தீனும் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசுகளுக்கு இடையே லத்தீன்தான் பொதுமொழி. முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைகள் லத்தீனில் எழுதப்பட்டவை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில் பிரெஞ்சின் கை ஓங்கியது. 1714-இல் ராஸ்டாட் என்ற ஊரில் பிரான்சும் புனித ரோமப் பேரரசும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரெஞ்சில் இருந்தது. 'இதை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது' என்று அதிலேயே ஒரு பிரிவும் சேர்த்தார்கள். 1815 வியன்னா மாநாட்டின் இறுதி ஆவணத்திலும் அதே எச்சரிக்கை உண்டு. எச்சரித்தவர்களே அடுத்த நூறாண்டு பிரெஞ்சில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். 1919 வெர்சாய் உடன்படிக்கையில்தான் ஆங்கிலம் பிரெஞ்சுக்குச் சமமான மூலமொழியாக ஏறியது. இன்று நடைமுறை எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையின் ஆங்கில மூலத்தைப் புரட்டிப் பாருங்கள்: அக்ரேமான், பெர்சோனா நான் கிராட்டா, ஷார்ஜே டாஃபேர் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஆங்கிலேயர்களே மொழிபெயர்க்கத் துணியவில்லை. மொழிபெயர்த்தால் பொருள் கொஞ்சம் அசைந்துவிடும், அசைந்த இடத்தில் ஒரு சர்ச்சை முளைக்கும் என்ற பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனையா என்றால், 1661 செப்டம்பர் 30 அன்று லண்டனில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் புதிய தூதர் வந்து இறங்குகிறார். வரவேற்பு ஊர்வலத்தில் பிரெஞ்சுத் தூதரின் கோச்சு வண்டி முன்னால் போவதா, ஸ்பெயின் தூதரின் வண்டி முன்னால் போவதா என்று தெருவிலேயே அடிதடி. உயிர்கள் போயின. பிரெஞ்சு வண்டியின் குதிரைகளைக் கொன்றுவிட்டார்கள். ஸ்பெயின்காரர்கள் விவரமானவர்கள், குதிரைப் பூட்டுவார்களை யாரும் அறுத்துவிடக் கூடாதென்று தோலுக்குள் இரும்புச் சங்கிலி வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்களாம். லூயி போர் தொடுப்பேன் என்று மிரட்ட, ஸ்பெயின் இறங்கி வந்தது. இந்த மாதிரிக் கூத்துகளுக்கெல்லாம் முடிவு கட்டியது 1815-இல் வியன்னாவில் வகுத்த விதி: தூதர்களின் வரிசை அவர்களுடைய மன்னரின் பெருமையைப் பொறுத்ததல்ல, அந்தத் தலைநகரில் யார் முதலில் பொறுப்பேற்றார்கள் என்பதைப் பொறுத்தது. இன்றும் அதேதான். பெரும்பாலான தலைநகரங்களில், மிக நீண்டகாலமாக அங்கேயே இருக்கும் தூதர், நாடு எவ்வளவு சிறியதானாலும், தூதர் குழுவின் மூத்தவர்; அவருக்கு 'டுவாயேன்' என்று பெயர். கையெழுத்திடும்போது 'அல்டெர்னா' என்றொரு முறை உண்டு: ஒவ்வொரு நாடும் தான் வைத்துக்கொள்ளும் பிரதியில் தன் பெயரையே முதலில் எழுதிக்கொள்ளும். இருவருமே முதலாமவர். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இதனால் எத்தனை குதிரைகள் பிழைத்தன என்று யோசித்துப் பாருங்கள்.

இனி சொற்கள். ஒரு தூதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் பாதிச் சொற்கள் தாமாகவே வந்துவிடும்.

தூதரை நியமிக்கும் முன் அவர் பெயரை எதிர்நாட்டுக்கு ரகசியமாக அனுப்பி, 'இவர் உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்க வேண்டும். கிடைக்கிற சம்மதத்துக்குப் பெயர் அக்ரேமான். வியன்னா உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவு இது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் மறுப்பு என்பது வாயால் வருவதே இல்லை. பதில் வராது, அவ்வளவுதான். 2015-இல் இஸ்ரேல் தன் பிரேசில் தூதராக டானி டயானை அறிவித்தது. அவர் பாலஸ்தீன மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களின் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். பிரேசில் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை, 'வரட்டும்' என்றும் சொல்லவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் 2016-இல் இஸ்ரேல் அவரை நியூயார்க்கின் துணைத் தூதரகத்துக்கு அனுப்பிவிட்டது. ரகசியமாகக் கேட்க வேண்டியதைப் பத்திரிகைக்கு முதலில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் இது பாடம்.

சம்மதம் கிடைத்தால் தூதர் போய் அந்த நாட்டின் தலைவரிடம் நியமனப் பத்திரத்தைக் கொடுப்பார். புகைப்படத்தில் வருவது இந்தக் காட்சிதான். இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 'இன்ன நாட்டின் தலைவராகிய தங்களுக்கு' என்று எழுதிய கடிதத்தை ஒருவர் கையில் கொடுப்பது, அவரைத் தலைவர் என்று ஏற்பதாகும். அந்த அங்கீகாரத்தைத் தர விருப்பமில்லை, ஆனால் அந்த ஊரில் காரியம் ஆக வேண்டும் என்றால்? அங்கேதான் ஷார்ஜே டாஃபேர் வருகிறார். பொறுப்பைக் கவனிப்பவர் என்று பொருள். இவர் பத்திரத்தைத் தலைவரிடம் கொடுப்பதில்லை, வெளியுறவு அமைச்சரோடு முடிந்துவிடும். காபூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் இந்தியா தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2022 ஜூனில் 'தொழில்நுட்பக் குழு' என்ற பெயரில் திரும்பப் போனது. 2025 அக்டோபரில் அதைத் தூதரகமாக உயர்த்தியது. தூதரகம் உண்டு, தூதர் கிடையாது. ஷார்ஜே டாஃபேர்தான் தலைமை. தாலிபான் அரசை அங்கீகரித்தோமா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல முடியும். உறவு இல்லையா என்று கேட்டால் தூதரகத்தைக் காட்ட முடியும். லத்தீனில் 'டி ஃபாக்டோ' என்றும் 'டி ஜூரே' என்றும் பிரிப்பார்களே, நடைமுறையில் ஏற்பது ஒன்று, சட்டப்படி ஏற்பது வேறொன்று என்று, அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து இது.

தூதருக்கு எவ்வளவு பேச அதிகாரம் என்பதும் ஒரு பழைய விஷயம். முழு அதிகாரம் பெற்றவரை 'பிளெனிபொடென்ஷியரி' என்பார்கள். அப்படி இல்லாதவர் 'ஆட் ரெஃபரெண்டம்' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திடுவார். மேலிடத்தைக் கேட்டுத்தான் உறுதி என்று அர்த்தம். இது நமக்குப் புதிதல்ல. குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதியவர்கள் 'தான் வகுத்துக் கூறுவான்' என்றும் 'கூறியது கூறுவான்' என்றும் தூதரைப் பிரித்திருக்கிறார்கள். முன்னவருக்குச் சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் உரிமை, பின்னவர் சொன்னதை ஒப்பிப்பவர். பிளெனிபொடென்ஷியரிக்குத் தமிழ் தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

உறவு கெடும்போது வருகிற சொற்களுக்கு ஒரு ஏணி இருக்கிறது. முதல் படி, தூதரை அமைச்சகத்துக்கு அழைப்பது. இதைத் தமிழ் நாளிதழ்கள் 'தூதருக்கு சம்மன்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பல் கூசும். சம்மன் என்றால் நீதிமன்றம், சாட்சி, வாய்தா. தூதரை எந்த நீதிமன்றமும் அப்படி வரவழைக்க முடியாது. அதற்குத்தான் அவருக்குச் சட்ட விலக்கே. 'தூதரை அழைத்துக் கண்டனம்' என்று எழுதினால் போதும். யார் அழைத்தார் என்பதையும் கவனியுங்கள். இணைச் செயலாளர் அழைத்தால் ஒரு சூடு, வெளியுறவுச் செயலாளர் அழைத்தால் வேறு சூடு, நள்ளிரவில் அழைத்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த படி, தன் தூதரையே 'ஆலோசனைக்காக' ஊருக்கு வரவழைப்பது. ஆலோசனை என்பதெல்லாம் பெயருக்கு. 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா பிரான்சிடம் வாங்கவிருந்த நீர்மூழ்கிக் கப்பல்களை ரத்து செய்துவிட்டு அமெரிக்கா, பிரிட்டனோடு கூட்டுச் சேர்ந்தபோது, பிரான்ஸ் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தூதர்களை ஆலோசனைக்கு அழைத்தது. லண்டனிலிருந்து அழைக்கவில்லை. பிரிட்டன் மேல் கோபம் இல்லை என்றா? கோபப்படும் அளவுக்குக்கூட அந்த நாடு இதில் முக்கியமில்லை என்ற ஏளனமாகத்தான் அதைப் பலரும் படித்தார்கள்.

அதற்கும் மேலே பெர்சோனா நான் கிராட்டா. 'விரும்பத்தகாதவர்' என்று தமிழில் எழுதுகிறோம். அதே 1961 வியன்னா உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு. தூதரகத்தில் இருப்பவரைக் கைது செய்ய முடியாது, வழக்குப் போட முடியாது, அவர் இருக்கும் கட்டடத்துக்குள் காவல்துறை நுழைய முடியாது. அத்தனை கவசத்துக்கும் எதிராக வரவேற்கும் நாட்டின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இந்த அறிவிப்பு. காரணம் சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று, பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், டெல்லியில் இருந்த பாகிஸ்தான் உயர் ஆணையத்தின் ராணுவ, கடற்படை, விமானப்படை ஆலோசகர்களை இந்தியா இப்படி அறிவித்தது. ஒரு வாரக் கெடு. வழக்கமாக எதிர்நாடும் அதே கணக்கில் ஆட்களை வெளியேற்றும். இந்தப் பதிலடிக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதற்கு மேல் சண்டையை வளர்க்க விரும்பவில்லை என்பதற்கு அது அடையாளம்.

அதே நாள் அறிவிப்பில் இன்னொரு சொல் இருந்தது. என்னைக் கேட்டால் அண்மைக் கால இந்திய ராஜதந்திரத்தில் மிகவும் யோசித்துப் பொறுக்கிய சொல் அதுதான். 1960 சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா ரத்து செய்யவில்லை, விலகவும் இல்லை. 'அபேயன்ஸ்' என்ற நிலையில் வைத்தது, அதாவது செயல்பாடின்றி நிறுத்திவைத்தது. ஏன் இந்தச் சொல்? அந்த ஒப்பந்தத்தில் ஒருதலையாக வெளியேற வழியே இல்லை. இரு அரசுகளும் புதிதாக ஒரு ஒப்பந்தம் செய்து அங்கீகரிக்கும் வரை இது நீடிக்கும் என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் தாய்விதி ஒன்று உண்டு: 'பாக்டா சுன்ட் செர்வாண்டா', செய்த ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும். அதற்கு எதிராக வாதாட விரும்புகிறவர்கள் 'ரேபுஸ் சிக் ஸ்டான்டிபுஸ்' என்பார்கள்: ஒப்பந்தம் செய்தபோது இருந்த சூழ்நிலை அடியோடு மாறிவிட்டது, ஆகவே கட்டுப்பாடு தளர்கிறது. இரண்டும் 1969 வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையில் 26, 62 ஆகிய பிரிவுகளாக இருக்கின்றன. அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை; பாகிஸ்தான் கையெழுத்திட்டது, உறுதிசெய்யவில்லை. அதில் 'ரத்து', 'இடைநிறுத்தம்' ஆகியவற்றுக்கு விதிமுறைகள் உண்டு, அபேயன்ஸ் என்ற சொல் கிடையாது. கிடையாது என்பதுதான் வசதி. விதி இல்லாத சொல்லுக்கு விதிமீறலும் இல்லை என்று வாதாடலாம். நாளைக்கு மனம் மாறினால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். பாகிஸ்தானின் பதிலில் இருந்த சொல்லோ நேரெதிர்: தண்ணீரைத் திருப்பினால் அது 'போர்ச் செயல்' என்றது. போருக்குக் காரணம் என்று காட்டப்படும் செயலை லத்தீனில் 'காசுஸ் பெல்லி' என்பார்கள். ஒருவர் சட்டப்புத்தகத்திலேயே இல்லாத சொல்லை எடுக்கிறார், மற்றவர் புத்தகத்தின் மிகக் கனமான சொல்லை எடுக்கிறார். இரண்டுமே கணக்குப் போட்டுச் செய்தவை.

1962-இல் கென்னடி செய்ததும் இதே வகை. கியூபாவுக்குப் போகும் சோவியத் கப்பல்களை மறிக்க வேண்டும். கடல்முற்றுகை என்று சொன்னால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச் செயல். ஆகவே அக்டோபர் 22 உரையில் 'குவாரன்டைன்' என்றார். நோய் வந்த கப்பலை ஒதுக்கி நிறுத்தும் சொல். கடலில் நின்ற போர்க்கப்பல்கள் எல்லாம் நிஜம்தான். பெயர் மட்டும் மாறியது. அந்தப் பெயர் மாற்றம் சோவியத் தலைவர் குருஷேவுக்கு மானம் போகாமல் பின்வாங்க இடம் கொடுத்தது.

காகிதங்களைப் பற்றி. 'நோட் வெர்பால்' என்றால் வாய்மொழிக் குறிப்பு என்று பெயர், ஆனால் எழுத்தில் வருவது. தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் இடையே அன்றாடம் ஓடுவது இதுதான். படர்க்கையில் எழுதுவார்கள், முழுக் கையெழுத்து இருக்காது, முத்திரையும் சுருக்கொப்பமும் இருக்கும். தொடக்கம் 'இன்ன நாட்டுத் தூதரகம் வெளியுறவு அமைச்சகத்துக்குத் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்வதோடு...' என்று போகும். முடிவில் 'தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்துகொள்ள இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது' என்று வரும். உங்கள் ஆட்களைத் துரத்துகிறோம் என்ற கடிதத்திலும் இதே வணக்கம், இதே மதிப்பு. கேலி செய்ய எளிது. ஆனால் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அந்த மரியாதை வாசகத்துக்குப் பயன் இருக்கிறது. என்றாவது அது குறைந்தால் எதிர்த்தரப்பு உடனே கவனிக்கும்.

டெமார்ஷ் என்பது காகிதம் அல்ல, செயல். தன் அரசின் நிலைப்பாட்டை எதிர்நாட்டு அமைச்சகத்தில் முறைப்படி எடுத்துவைப்பது. கண்டனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஐ.நா. தேர்தலில் எங்களுக்கு வாக்களியுங்கள் என்று கேட்பதும் டெமார்ஷ்தான். நம் செய்திகளில் எதிர்ப்பு வந்தால் மட்டும் இந்தச் சொல் வருவதால் அது வசைச் சொல்லாகிவிட்டது. பேசியதை மறக்காமலிருக்கக் கையில் கொடுத்துவிட்டு வரும் குறிப்பு 'எய்ட் மெம்வார்'. இவற்றில் எனக்குப் பிடித்தது 'நான்-பேப்பர்'. காகிதம் அல்லாத காகிதம். கடிதத்தலைப்பு இருக்காது, தேதி, கையெழுத்து எதுவும் இருக்காது. 'இப்படி ஒரு யோசனை இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்' என்று நூல் விட்டுப் பார்க்கப் பயன்படும். எதிர்த்தரப்பு கோபப்பட்டால், அப்படி ஒன்றை நாங்கள் தரவே இல்லை.

ஐ.நா. தீர்மானங்களில் வினைச்சொல்தான் உயிர். 'கவனத்தில் கொள்கிறது' என்பது காதில் வாங்கினேன் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. 'கவலை கொள்கிறது', 'வருந்துகிறது', 'கண்டிக்கிறது' என்று சூடு ஏறும். 'வலியுறுத்துகிறது' வேண்டுகோள், பாதுகாப்பு அவையில் 'முடிவு செய்கிறது' என்று வந்தால் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். 1990 நவம்பரில் ஈராக் குவைத்தை விட்டு வெளியேறக் கெடு வைத்த 678-ஆம் தீர்மானத்தில் 'தேவையான அனைத்து வழிகளும்' என்று இருந்தது. படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கான சங்கேதம் அது, எல்லோருக்கும் தெரியும். 2002 நவம்பரில் அதே ஈராக் குறித்த 1441-ஆம் தீர்மானம் 15 உறுப்பினர்களும் ஆதரிக்க நிறைவேறியது. அதில் அந்தச் சொற்றொடர் இல்லை, 'கடுமையான விளைவுகள்' என்று இருந்தது. பிரான்சும் ரஷ்யாவும் சீனாவும் ஆதரித்ததே அது இல்லாததால்தான். நான்கு மாதம் கழித்து அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தபோது, அனுமதி இருந்ததா இல்லையா என்ற சண்டை முழுக்க அந்த இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவில் நடந்தது.

சொல்லைத் தவிர்ப்பதன் மிகக் கொடூரமான உதாரணம் 1994 ருவாண்டா. 1948 இனப்படுகொலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளுக்கு அதைத் தடுக்கும் கடமை இருக்கிறது. அதனால் அமெரிக்க வெளியுறவுத் துறை 'இனப்படுகொலை' என்று சொல்லாமல் 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்றது. ஒரு செய்தியாளர் கேட்டார்: எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஒரு இனப்படுகொலை ஆகும்? பேச்சாளரிடம் பதில் இல்லை. அந்தச் சில வாரங்களில் செத்துக்கொண்டிருந்தவர்கள் லட்சக்கணக்கில்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், நேரடியாகச் சொன்னால் என்ன என்பதற்கு. பல இடங்களில், நேரடியாகச் சொன்னால் ஒப்பந்தமே வராது.

1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242-ஆம் தீர்மானம் இஸ்ரேல் 'ஆக்கிரமித்த பிரதேசங்களிலிருந்து' விலக வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் 'அந்த' என்று சுட்டும் சிறுசொல் இல்லை, பிரெஞ்சில் இருக்கிறது. சில பிரதேசங்களிலிருந்தா, எல்லாவற்றிலிருந்துமா? இஸ்ரேல் ஆங்கிலத்தைக் காட்டும், அரபு நாடுகள் பிரெஞ்சைக் காட்டும். கவனக்குறைவு அல்ல, அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்ன முயற்சிகளை எதிர்த்துத்தான் ஆங்கில வடிவம் நிறைவேறியது. 2001 ஏப்ரலில் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர்விமானமும் மோதி, சீன விமானி இறந்தார். அமெரிக்கர்கள் 24 பேர் சீனாவின் பிடியில். சீனா மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அமெரிக்கத் தூதரின் கடிதம் 'மிகவும் வருந்துகிறோம்' என்றது, மன்னிப்பு என்ற சொல் இல்லை. சீனத் தரப்பு அதைத் தன் மக்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது மன்னிப்பின் வாடை வருகிற சொற்றொடரைத் தேர்ந்தது. இரு அரசுகளும் வென்றன, 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் மங்கலான சொல்லுக்குக் கடைசியில் யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். எழுதிய அதிகாரி கொடுப்பதில்லை. கச்சத்தீவு இதற்கு நாம் எல்லோரும் அறிந்த சாட்சி. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் 'இதுவரை போலவே' கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. படிக்க நன்றாக இருக்கிறது. 'இதுவரை போலவே' என்றால் எதுவரை, என்னென்ன? வலை உலர்த்தவா, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கா, மீன் பிடிக்கவா? மீன்பிடி என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. மீனவர்கள் இருக்கிறார்கள், மீன்பிடி இல்லை. அதற்கு முந்தைய பிரிவோ, அவரவர் பக்கத்துக் கடலும் தீவும் அவரவர் இறையாண்மைக்கு உட்பட்டவை என்று அழுத்தமாகச் சொல்லிவிடுகிறது. 5-ஆவது பிரிவே 'மேற்சொன்னவற்றுக்கு உட்பட்டு' என்றுதான் தொடங்குகிறது. பத்திரம் எழுதத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் உஷாராகிவிடுவார்கள். பின்பு 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களுக்கு இடையே ஒரு 'கடிதப் பரிமாற்றம்'. அதுவும் ஒரு ஒப்பந்த வடிவம்தான், ஆரவாரம் இல்லாத வடிவம். இந்த முறை மங்கல் எதுவும் இல்லை: இந்திய மீனவர்களும் படகுகளும் இலங்கையின் கடற்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது; மறுபக்கத்துக்கும் அப்படியே. ராமேஸ்வரத்தில் 'இதுவரை போலவே' என்பதை மேற்கோள் காட்டுவார்கள். கொழும்பில் கடிதத்தைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவலையால் தங்கள் கடல் அழிகிறது என்று சொல்லும் வடமாகாணத் தமிழ் மீனவருக்கும் அந்தக் கடிதம்தான் துணை.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்பாட்டையும் இதே கண்ணோடு படிக்கலாம். இரண்டாண்டுக்கு முன் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று, 'தமிழர் தாயகம்' என்பதை ஏற்க வேண்டும் என்பது. ஜெயவர்த்தன அரசு அந்தச் சொல்லை ஏற்காது. உடன்பாட்டில் வந்த வாசகம்: வடக்கும் கிழக்கும் 'இலங்கைத் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பகுதிகள்', அவர்கள் 'இதுவரை எல்லாக் காலத்திலும் பிற இனக்குழுக்களோடு சேர்ந்து' வாழ்ந்தவர்கள். முதல் பாதி தமிழருக்கு, இரண்டாம் பாதி சிங்களவருக்கு. தாயகம் இல்லை, ஆனால் தாயகத்தின் நிழல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கை மீதான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தபோது தமிழ்நாட்டில் பலர் மகிழ்ந்தார்கள். அந்த ஆதரவுக்கு முன் ஒரு திருத்தம் நுழைந்தது: ஐ.நா. தரும் ஆலோசனையும் உதவியும் இலங்கை அரசோடு 'கலந்தாலோசித்தும், அதன் இசைவோடும்' இருக்க வேண்டும். 24 நாடுகள் ஆதரவு என்பது தலைப்புச் செய்தியானது. இசைவு என்ற சொல் உள்பக்கத்தில்கூடச் சரியாக வரவில்லை. தீர்மானத்தின் பல்லைப் பிடுங்கியது அதுதான் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பையே ஆயுதமாக்கியதும் நடந்திருக்கிறது. 1889 மே மாதம் எத்தியோப்பியாவின் பேரரசர் மெனெலிக்கும் இத்தாலியும் உச்சாலி என்ற இடத்தில் ஒப்பந்தம் செய்தார்கள். 17-ஆவது பிரிவின் அம்ஹாரிக் (எத்தியோப்பிய மொழி) வடிவம், பிற நாடுகளோடு பேச எத்தியோப்பியா விரும்பினால் இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்றது. இத்தாலிய வடிவம் பெற்றே ஆக வேண்டும் என்கிற பொருளில் இருந்தது. அதை வைத்து எத்தியோப்பியா எங்கள் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று இத்தாலி உலகத்துக்கு அறிவித்தது. மெனெலிக் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். 1896 மார்ச் 1 அன்று ஆட்வாவில் இத்தாலியப் படை நொறுங்கியது. அந்த ஆண்டே ஆடிஸ் அபாபா உடன்படிக்கையில் இத்தாலி எத்தியோப்பியாவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. இந்தியாவின் இருதரப்பு ஒப்பந்தங்கள் பலவற்றின் கடைசிப் பத்தியில் இந்தி, எதிர்நாட்டு மொழி, ஆங்கிலம் மூன்றும் சமம், பொருள் வேறுபட்டால் ஆங்கிலமே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத அந்த வரிக்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறுகள் இருக்கின்றன.

செய்தி படிக்கும்போது ஒரு சின்ன உத்தி. கூட்டறிக்கை வந்தால் அதைத் தனியாகப் படிக்காதீர்கள், போன தடவை வந்ததோடு ஒப்பிட்டுப் படியுங்கள். 2022 பாலி ஜி20 அறிக்கையில் உக்ரைன் மீது ரஷ்யாவின் ஆக்கிரமிப்பு என்ற வாசகம், ஐ.நா. பொதுச்சபையை மேற்கோள் காட்டி, இடம்பெற்றிருந்தது. 2023 டெல்லி அறிக்கையில் 'உக்ரைனில் போர்' என்று வந்தது. யார் தொடுத்த போர் என்பது மறைந்துவிட்டது. அந்த மறைவு இல்லாவிட்டால் அறிக்கையே வந்திருக்காது என்றார்கள்; உக்ரைன், இதில் பெருமைப்பட எதுவுமில்லை என்றது. அதேபோல் பேச்சு 'வெளிப்படையாக' நடந்தது என்றால் சத்தம் போட்டிருக்கிறார்கள். 'பயனுள்ளதாக' இருந்தது என்றால் ஒன்றும் நடக்கவில்லை. 'சுமுகமான சூழலில்' என்றால் சாப்பாடு நன்றாக இருந்திருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். பெர்சோனா நான் கிராட்டாவுக்கு 'விரும்பத்தகாதவர்' என்று மட்டும் போட்டால் வாசகருக்கு விஷயம் போய்ச் சேராது. 'வெளியேற உத்தரவு' என்பதையும் சேர்க்க வேண்டும். ஷார்ஜே டாஃபேர் 'பொறுப்புத் தூதர்'. நோட் வெர்பால் 'தூதரகக் குறிப்பு'. டெமார்ஷுக்கு ஒற்றைச் சொல் தேடிப் பயனில்லை. எதிர்ப்பா, கோரிக்கையா என்று பார்த்து 'முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது', 'முறைப்படி கோரியது' என்று எழுதுவேன். காமன்வெல்த் நாடுகளுக்கு இடையே தூதர் என்று சொல்லாமல் 'ஹை கமிஷனர்' என்பார்கள். அதை நாம் உயர் ஆணையர் என்கிறோம், இலங்கையில் உயர் ஸ்தானிகர். சென்னைப் பத்திரிகைகள் கொழும்பிலிருக்கும் இந்திய உயர் ஆணையத்தைத் 'தூதரகம்' என்று எழுதுவதால் குடிமுழுகிவிடாது. அக்ரேமானுக்கு 'முன்னிசைவு' என்று போட்டுப் பார்த்திருக்கிறேன், பொருந்தி வருகிறது. அபேயன்ஸ்தான் இன்னும் கைக்கு அகப்படவில்லை. 'நிறுத்திவைப்பு' என்று எழுதினால் இடைநிறுத்தம் என்று ஆகிவிடுகிறது, 'கிடப்பில் போடுதல்' என்றால் ஒப்பந்தத்தை யாரோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் எழுத நேர்ந்தால் 'நிறுத்திவைப்பு' என்று போட்டுவிட்டு, 'ரத்து செய்யவில்லை' என்ற இரண்டு சொற்களையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுவேன்.